பவளத்துக்கும் நோய் வரும்: பண்டார் தெங்காராவிலிருந்து ஒரு பார்வை

"கடலே இல்லாத ஊர்க்காரனுக்குக் கடலைப் பற்றி என்ன எழுத்து வேண்டிக் கிடக்கிறது?"

இந்தக் கட்டுரையின் தலைப்பைச் சொன்னதும் விடுதி அறை நண்பன் கேட்ட முதல் கேள்வி இது. நியாயமான கேள்விதான். பண்டார் தெங்காரா, கூலாய்க்கும் கோத்தா திங்கிக்கும் இடையில், செம்பனை மரங்களுக்கு நடுவே இருக்கும் சிறிய நகரம். 1972இல் தொடங்கப்பட்ட கெஜோரா என்ற தென்கிழக்கு ஜொகூர் மேம்பாட்டு வாரியம் காட்டை அழித்துத் தோட்டங்களையும் புதிய ஊர்களையும் உருவாக்கியபோது பிறந்த ஊர்களில் அதுவும் ஒன்று. பெயருக்குப் பொருளே 'தென்கிழக்கு நகரம்' என்பதுதான். மெர்சிங் படகுத்துறைக்குப் போக ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும். நான் முதன்முதலாகக் கடலைத் தொட்டது தமிழ்ப்பள்ளிச் சுற்றுலாவில், ஐந்தாம் ஆண்டு படிக்கும்போது.

ஆனாலும் எழுதுகிறேன். காரணம், பவளப்பாறைகளுக்கு வரும் நோயைப் பற்றிப் படிக்கப் படிக்க, அந்த நோயின் வேர்களில் சில கடலில் இல்லை, எங்கள் ஊர் போன்ற ஊர்களில் இருக்கின்றன என்று எனக்குத் தோன்றிவிட்டது. 'புவி வெப்பமாகிறது, அதனால் பவளம் சாகிறது, நாம் என்ன செய்ய முடியும்?' என்று கைகழுவும் பேச்சை நம் மாணவர்களிடையே அடிக்கடி கேட்கிறேன். அந்தப் பேச்சு பாதி உண்மை. மீதிப் பாதியைப் பற்றியே இந்தக் கட்டுரை.

முதலில் இந்த எண்ணம் எங்கே தொடங்கியது என்று சொல்லிவிடுகிறேன். இரண்டாம் ஆண்டு விடுமுறையில் நண்பர்கள் எட்டுப் பேர் மெர்சிங்கிற்கு அப்பால் உள்ள தீவு ஒன்றுக்குப் போனோம். சுல்தான் இஸ்கந்தார் கடல் பூங்காவைச் சேர்ந்த சிபு, திங்கி, ராவா, பெசார், பெமாங்கில், அவுர் போன்ற தீவுகளின் பெயர்களை ஜொகூர்க்காரர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். முகமூடி அணிந்து நீரில் முகம் கவிழ்த்து மிதந்தபோது, மேசை போல் விரிந்த ஒரு பவளத்தின் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளை வளையம் தெரிந்தது. வளையத்துக்கு ஒரு பக்கம் பழுப்பு நிறத்தில் உயிருள்ள பவளம். மறுபக்கம் பச்சைப் பாசி படிந்த எலும்பு. அழகாக இருக்கிறதே என்று படகோட்டி அபாங்கிடம் காட்டினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "காராங் சாக்கிட்" என்றார். பவளத்துக்கு உடம்பு சரியில்லை! நாங்கள் சிரித்தோம். கல்லுக்கு எப்படி உடம்பு சரியில்லாமல் போகும்?

கல் இல்லை என்பதுதான் முதல் பாடம். பாட்டியின் கழுத்தில் தொங்கும் பவள மாலையும், சங்க இலக்கியம் 'துகிர்' என்று சொல்லும் சிவப்பு மணியும் ஆழ்கடலில் வளரும் வேறு இனம். பாறை கட்டும் பவளம் என்பது பாலிப் எனப்படும் சின்னஞ்சிறு விலங்குகள் ஆயிரக்கணக்கில் ஒட்டி வாழும் குடியிருப்பு. ஒவ்வொரு பாலிப்பும் தனக்குக் கீழே சுண்ணாம்பு வீடு கட்டிக்கொள்கிறது. அதன் தசைக்குள் ஒருசெல் பாசிகள் குடியிருக்கின்றன. வெயிலில் அவை சமைக்கும் உணவில் பெரும்பங்கு பவளத்துக்குப் போகிறது. பவளத்துக்கு நிறம் தருவதும் பெரும்பாலும் இந்தப் பாசிகளே. வீட்டுக்காரனும் வாடகைக்காரனும் ஒருவர் சம்பாத்தியத்தில் மற்றவர் வாழும் குடும்பம் இது.

நீர் அளவுக்கு மீறிச் சூடானால் இந்தக் குடும்பம் பிரிகிறது. பாசிகள் வெளியேற, பவளம் வெள்ளையாகிறது. இதைத்தான் 'வெளிறல்' என்கிறார்கள். செய்தித்தாள்களில் நாம் படிப்பது பெரும்பாலும் இதைப் பற்றித்தான். வெளிறிய பவளம் இன்னும் சாகவில்லை, பட்டினி கிடக்கிறது. நீர் விரைவில் குளிர்ந்தால் பிழைத்துக்கொள்ளும். நோய் வேறு. நோயில் தசையே உரிந்து அழுகி, எலும்பு வெளியே தெரிகிறது. போன தசை திரும்பாது. ஓரத்தில் உயிர் மிஞ்சியிருந்தால் அங்கிருந்து மெல்ல மெல்ல வளர்ந்து மூடவேண்டும். அதற்குள் பாசி முந்திக்கொள்ளும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வெள்ளைத் தழும்பெல்லாம் நோய் ஆகிவிடாது. முட்கிரீட நட்சத்திர மீன் பவளத்தை மேய்ந்துவிட்டுப் போனாலும் வெள்ளையாகத்தான் இருக்கும். துரூப்பெல்லா என்ற சிறு நத்தைகள் தின்றாலும் அப்படியே. நத்தை என்றால் பவளத்தின் அடியில் கூட்டமாக ஒளிந்திருப்பதைப் பார்க்கலாம். நட்சத்திர மீன் என்றால் பக்கத்தில் எங்காவது ஆள் இருப்பார். இரண்டும் இல்லாமல், தசைக்கும் எலும்புக்கும் நடுவே கோடு போட்டதுபோல் எல்லை நகர்ந்துகொண்டே போனால் நோயைச் சந்தேகிக்கலாம். கறுப்புப் பட்டை நோயில் அந்த எல்லையில் கறுப்பு நூல் போன்ற நுண்ணுயிர்ப் படலம் இருக்கும். நுண்ணுயிர்கள் சேர்ந்து நெய்த பாய் அது. 1973இல் ஆர்ன்ஃபிரீட் அந்தோனியஸ் என்ற ஆய்வாளர் கரீபியக் கடலில் இதை விவரித்ததிலிருந்துதான் பவள நோய் ஆராய்ச்சி தொடங்கியது என்று சொல்வார்கள். அடுத்த பத்தாண்டுக்குள் அதே கடலில் 'வெள்ளைப் பட்டை நோய்' என்ற இன்னொன்று வந்து, மான்கொம்புப் பவளங்களைக் காடு காடாக அழித்தது.

தமிழர் வாழும் கரைகளும் தப்பவில்லை. மண்டபம், பாக் விரிகுடாப் பகுதிகளில் ஆய்வாளர்கள் பவள நோய்களைப் பதிவு செய்திருக்கிறார்கள். இலட்சத்தீவின் கவரத்தியில் பவளத்தைத் தாக்கிய 'இளஞ்சிவப்புக் கோட்டு நோய்' பற்றி ரவீந்திரன், ரகுகுமார் என்ற இரு அறிவியலாளர்கள் 2002இல் எழுதினார்கள். நம் நாட்டில் சபாவின் கடல் பூங்காக்களில் நோய்க் கணக்கெடுப்பு நடந்திருக்கிறது.

இனி என் வாதத்துக்கு வருகிறேன்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் கானோடெர்மா தெரிந்திருக்கும். செம்பனையின் அடித்தண்டைத் தின்னும் பூஞ்சை. மரத்தடியில் பலகை போன்ற காளான் முளைத்துவிட்டால் மரம் போயிற்று என்று பொருள். ஒருநாள் காற்றடித்தால் முறிந்து விழும். அந்தப் பூஞ்சை புதிதாக எங்கிருந்தோ பறந்து வரவில்லை. அது இருந்துகொண்டேதான் இருக்கிறது. பழைய மரங்களின் அடிக்கட்டைகளை அப்படியே புதைத்துவிட்டு மறுநடவு செய்த நிலத்தில் அது கொண்டாட்டம் போடுகிறது. கிருமி, உயிர், சூழல் என்ற மூன்றும் ஒன்றுகூடினால்தான் நோய். வெள்ளம் வடிந்தபின் எலிச் சிறுநீர்க் காய்ச்சலுக்கு அஞ்சுகிறோமே, அதுவும் இதே கணக்குத்தான். எலி நேற்றும் இருந்தது. சேறும் தேங்கிய நீரும்தான் புதிது.

பவளத்தின் கதையும் இப்படித்தான். கடல் நீரில் நுண்ணுயிர்கள் எப்போதும் உண்டு. பவளத்தின் மேல் படர்ந்திருக்கும் கோழைப் படலமே அதன் காவல். உள்ளே நல்ல நுண்ணுயிர்களும் குடியிருந்து கெட்டவற்றைத் தடுக்கின்றன. சூழல் கெட்டால் காவல் தளர்கிறது. எதிரிக்கும் பலம் கூடுகிறது. விப்ரியோ குடும்பத்துக் கிருமி ஒன்று குளிர்ந்த நீரில் சாதுவாக இருந்து, நீர் சூடாக ஆகப் பவளத்தின் தசையைக் கரைக்கும் அளவுக்கு மூர்க்கமாகிறது என்று ஆய்வகத்திலேயே காட்டியிருக்கிறார்கள்.

ஆகவே வெப்பத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் 1,500 கிலோமீட்டருக்கு மேல் பரந்து கிடக்கும் 48 பாறைகளை ஆறாண்டுகள் கவனித்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. வழக்கத்தைவிடக் கடல் சூடான ஆண்டுகளை ஒட்டி 'வெள்ளை நோய்' பெருகியது. அதிலும் பவளம் நெருக்கமாக வளர்ந்த இடங்களில்தான் அது பரவியது. லயத்து வீடுகளில் ஒரு வீட்டில் அம்மை கண்டால் அடுத்த வீட்டுக்குத் தாவுவதுபோல! 2005இல் அமெரிக்க வெர்ஜின் தீவுகளில் கடுமையான வெளிறல் வந்தது. அது ஓயும் முன்பே நோய் தொடர்ந்தது. இரண்டும் சேர்ந்து அங்கிருந்த பவளப் பரப்பில் சுமார் 60 விழுக்காட்டைக் கொண்டுபோயின. 1998, 2010, 2014 முதல் 2017 வரை என்று வந்த உலகளாவிய வெளிறல்களை அடுத்து, நான்காவது ஒன்று நடப்பதாக 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள். 2010இல் தியோமான், ரெடாங் போன்ற தீவுகளில் சில முக்குளிப்பு இடங்களை நம் அரசாங்கமே சில மாதங்கள் மூடி வைத்தது.

இவ்வளவையும் படித்துவிட்டு நண்பர்கள் சொல்வது: "பார்த்தாயா, எல்லாம் வெப்பம். பெரிய நாடுகள் புகை விடுவதை நிறுத்தினால்தான் உண்டு." இங்கேதான் நான் முரண்படுகிறேன். காய்ச்சல் நோயாளியை வெயிலில் நிறுத்தியது ஒருவர் என்றால், அவர் குடிக்கும் தண்ணீரில் சாக்கடையைக் கலந்தவர் இன்னொருவர். முதல் ஆளைப் பிடிக்க முடியவில்லை என்பதற்காக இரண்டாம் ஆளை விட்டுவிடலாமா?

அமெரிக்காவின் புளோரிடாவில் செய்த ஒரு சோதனையை என்னால் மறக்க முடியவில்லை. ரெபெக்கா வேகா தர்பர் என்ற ஆய்வாளரின் குழு, கடலடியில் பவளம் உள்ள சில பாத்திகளை அளந்து, அவற்றில் மெல்லக் கரையும் உரத்தைக் கட்டிவைத்தது. ஆம், உரம்தான்! நைட்ரஜனும் பாஸ்பரசும் கலந்த உரம். பக்கத்திலேயே உரமில்லாத பாத்திகள். அதே வெயில், அதே கடல், அதே வெப்பம். மூன்றாண்டுகள் கழித்துப் பார்த்தால், உரம் வைத்த பாத்திகளில் நோய் இரண்டு மடங்கு. வெளிறலோ மூன்றரை மடங்கு! பிறகு உரத்தை எடுத்துவிட்டார்கள். பத்தே மாதத்தில் நோயும் வெளிறலும் மற்றப் பாத்திகளின் அளவுக்கு இறங்கிவிட்டன. 2014இல் வெளிவந்த ஆய்வு இது.

இந்தச் சோதனையைப் பற்றிப் பலர் எழுதும்போது முதல் பகுதியை, அதாவது உரம் கேடு என்பதைத்தான் அழுத்துகிறார்கள். எனக்கு இரண்டாம் பகுதியே பெரிதாகத் தெரிகிறது. பத்து மாதம்! கரிமவாயுவைக் குறைத்துக் கடலைக் குளிர்விக்கப் பல தலைமுறைகள் ஆகலாம். உரம் கலப்பதை நிறுத்தினால் ஒரு படிப்பாண்டு முடிவதற்குள் பலன் தெரிகிறது.

உரம் என்றதும் எனக்கு என் அம்மா நினைவுதான் வரும். அம்மா பத்தொன்பது ஆண்டுகள் செம்பனைத் தோட்டத்தில் உரம் போட்டார். விடியற்காலைப் பெரட்டு முடிந்ததும் லாரி உர மூட்டைகளைச் சாலையோரம் இறக்கிவிட்டுப் போகும். வாளியில் அள்ளி, கிண்ணத்தால் அளந்து, மரத்தைச் சுற்றி வட்டமாக வீச வேண்டும். ஒருநாளைக்கு எத்தனை மூட்டை என்று கணக்கு. "மழைக்கு முன்னால போட்டா பாதி ஆத்துக்குத்தான்யா. எங்களுக்குத் தெரியாதா? ஆனா மூட்டை வந்துட்டா போட்டுத்தானே ஆகணும்" என்பார். வேளாண் நூல்களும் இதையேதான் சொல்கின்றன: கனமழை மாதங்களில் உரமிடாதே. ஜொகூரின் கிழக்குப் பகுதியில் நவம்பர் முதல் ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழை கொட்டும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி அடுத்தடுத்து மூழ்கியதை ஜொகூரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படி ஒரு மழையில் நிலத்தின் மேல் கிடந்த உரம் எங்கே போயிருக்கும்?

நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பண்டார் தெங்காராவின் மழைநீர் சிபு தீவுக்கோ ராவாவுக்கோ போவதில்லை. அது சுங்கை ஜொகூரில் சேர்ந்து ஜொகூர் நீரிணையில் விழுகிறது. நாங்கள் பார்த்த அந்த வெள்ளை வளையத்துக்கு என் ஊரின் உரம் காரணமல்ல. ஆனால் அந்தத் தீவுகளை நோக்கிய கரையில் இறங்கும் மெர்சிங், எண்டாவ், செடிலி ஆறுகளின் ஓரங்களிலும் எங்கள் ஊரில் உள்ள அதே செம்பனைதான் நிற்கிறது. எங்கள் நீர் சேரும் நீரிணை மட்டும் என்ன வாழ்கிறது? 2019 ஏப்ரலில் சுங்கை ஜொகூரில் அம்மோனியா ஏறியதால் நீர் சுத்திகரிப்பு நிலையங்களை நிறுத்தினார்கள். சிங்கப்பூருக்கு நீர் அனுப்பும் நிலையமும் அதில் அடக்கம். மனிதர் குடிக்கும் நீர் என்பதால் அது மறுநாள் செய்தியானது. நீரிணையின் பாசிக்கும் பவளத்துக்கும் அதே நீர் போனதைப் பற்றிச் செய்தி வரவில்லை.

அடுத்து மண். செம்பனை ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுநடவு செய்யப்படுகிறது. அப்போது நிலம் மொட்டையாகக் கிடக்கும். மூடுபயிர் பிடிப்பதற்குள் மழை வந்தால் ஆறு தேநீர் நிறமாகிவிடும். கடலில் கலக்கும் இந்தச் சேறு வெயிலை மறைக்கிறது. பவளத்தின் மேல் படிகிறது. பவளம் அதை வழித்துத் தள்ளக் கோழையைச் சுரந்து சுரந்தே களைத்துப் போகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் மான்டிபெல்லோ தீவுகள் அருகே ஒன்றரை ஆண்டு கடலடி மண்ணைத் தோண்டினார்கள். கலங்கிய நீர் அதிகம் படிந்த இடங்களில் பவள நோய் மற்ற இடங்களைவிட இரண்டு மடங்கு இருந்ததாக 2014இல் எழுதினார்கள். அதே 2014இல்தான் அமெரிக்காவின் மியாமி அருகே கற்பவளத் திசு இழப்பு நோய் என்ற கொடிய நோய் முதலில் தென்பட்டது. பக்கத்துத் துறைமுகத்தில் அப்போது ஆழப்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்தது. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்பது விவாதத்தில் உள்ளது. எந்தக் கிருமி என்பதும் இன்னும் உறுதியாகவில்லை. நோய் மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட பவள இனங்களைத் தாக்கிக் கரீபியன் முழுக்கப் பரவிவிட்டது.

கழிவுநீரைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை, வாசிப்பவர் சாப்பாட்டு நேரத்தில் இருக்கலாம். ஒன்று மட்டும்: புளோரிடாவில் கலைமான் கொம்புப் பவளத்தைக் கொன்ற 'வெள்ளை அம்மை' நோயின் கிருமி, மனிதக் குடலில் வாழும் செராட்டியா என்ற நுண்ணுயிர் என்று கண்டுபிடித்தார்கள். நோய் நம்மிடமிருந்து விலங்குக்குப் போயிருக்கிறது! அங்கே கழிவுநீர்க் குழாய்த் திட்டத்தை மேம்படுத்தப் பெரும்பணம் செலவிட நேர்ந்தது. தீவுக்குப் போகும் நாம், தங்கும் விடுதியில் மீன் வறுவல் உண்டா என்று கேட்கிறோம். கழிவறைத் தொட்டி எங்கே திறக்கிறது என்று கேட்டதுண்டா? நான் கேட்டதில்லை.

நெகிழி பற்றிய எண்களைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். இந்தோனேசியா, தாய்லாந்து, மியன்மார், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் 159 பாறைகளில் ஒரு இலட்சத்து 24 ஆயிரம் பவளங்களைப் பார்த்த ஆய்வு 2018இல் வந்தது. நெகிழி படாத பவளத்துக்கு நோய் இருக்கும் வாய்ப்பு 4 விழுக்காடு. நெகிழி சிக்கியிருந்தால் 89 விழுக்காடு! பை ஒன்று மேலே போர்த்தினால் வெயில் மறைகிறது, அலையில் உரசித் தசை கிழிகிறது, காயத்தில் கிருமி புகுகிறது. இதற்குப் பாரிஸ் ஒப்பந்தம் தேவையில்லை. ஒரு கை போதும்.

அந்த ஆய்வை நடத்திய ஜோலியா லாம்ப் என்பவரே அதற்கு முந்தைய ஆண்டு இன்னொரு செய்தியும் கொண்டுவந்தார். இந்தோனேசியாவின் சுலாவேசி அருகே, கடற்புல் வெளிகளை ஒட்டியிருந்த பவளங்களில் நோய் பாதிதான் இருந்தது. புல் நீரைத் துப்புரவாக்குகிறது, கிருமிகளைக் குறைக்கிறது. கடற்புல் என்றால் நமக்கு அந்நியமில்லை. சிபு, திங்கி தீவுகளைச் சுற்றிக் கடற்பசு மேயும் புல்வெளிகள் இருக்கின்றன. பாக் விரிகுடாவிலும் அதே விலங்கு உண்டு. அங்குள்ள மீனவர் அதை ஆவுளியா என்பர். தமிழ்நாட்டு அரசு 2022இல் அதற்கென்றே 448 சதுர கிலோமீட்டரில் காப்பகம் அறிவித்தது. ஜொகூரின் தென்மேற்கு மூலையில் மெராம்போங் புல்வெளி இருக்கிறது. அதை ஒட்டிக் கடலைத் தூர்த்து நகரம் கட்டிய கதை உங்களுக்கே தெரியும்.

கடலில் கைவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு மன்னார் வளைகுடாவில் ஒரு கசப்பான சான்று உண்டு. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் என்று பல்லாண்டுகள் பவளத்தை வெட்டியெடுத்தார்கள். அங்கிருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டும் நீருக்குள் போய்விட்டன. நோய் அப்படித் திடீரென்று தீவை விழுங்காது. ஆனால் செத்த பவளம் புதிதாகச் சுண்ணாம்பு கட்டாது. அலையும் துளையிடும் உயிர்களும் பழைய எலும்பை அரித்துக்கொண்டே இருக்கும். வரவு நின்று செலவு மட்டும் தொடரும் வீடு அது.

"தோட்டத் தொழிலைக் குறை சொல்கிறாயா? நம் பெற்றோர் சோறு போட்டது அதுதானே?" என்று ஒரு தங்கை கேட்டார். தொழிலைக் குறை சொல்லவில்லை. தொழிலாளியை நிச்சயமாகக் குறை சொல்லவில்லை. எப்போது போடுவது, எவ்வளவு போடுவது என்று முடிவு செய்தவர் வாளி தூக்கியவர் அல்லர். உண்மையில் இந்த இரசாயனங்கள் கடலைத் தொடுவதற்கு முன்பு தொட்டது நம் அம்மாக்களின் கைகளைத்தான். பாராகுவாட் களைக்கொல்லி 2020 ஜனவரியில் நம் நாட்டில் தடைசெய்யப்பட்டது. எத்தனை ஆண்டுகள் எத்தனை பெண்கள் அதை முதுகில் சுமந்து அடித்தார்கள்! இன்று அந்தத் தொட்டியும் வாளியும் பெரும்பாலும் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர் தோளுக்கு மாறியிருக்கின்றன. தொழிலாளியின் உடம்பையும் ஆற்றையும் காப்பது ஒரே வேலை என்றே நான் நினைக்கிறேன்.

சாத்தியமா என்றால், இதே நாட்டில், இதே தொழிலில் நடந்திருக்கிறது. 1970களில் செம்பனை ஆலைக் கழிவு நம் ஆறுகளை நாறடித்தது. சுத்திகரிக்காத கழிவு ஒரு லிட்டரின் அழுக்கு, சுமார் 25,000 மில்லிகிராம் ஆக்சிஜனை நீரிலிருந்து உறிஞ்சக்கூடியது. 1977இல் சட்டம் வந்தது. 1978இல் வரம்பை 5,000 என்று வைத்தார்கள். படிப்படியாக இறக்கி 1984இல் 100 ஆக்கினார்கள். ஆலைகள் மூடப்பட்டுவிடும் என்றெல்லாம் அன்று பயந்திருப்பார்கள். ஆலைகள் பெருகத்தான் செய்தன. இன்று எந்த ஆலைக்குப் பின்னாலும் அடுக்கடுக்காகக் கழிவுக் குளங்களைப் பார்க்கிறோமே, அவை அந்தச் சட்டத்தின் பிள்ளைகள். எல்லாக் குளங்களும் ஒழுங்காக இயங்குகின்றன என்று நான் சொல்லவில்லை. 25,000 எங்கே, 100 எங்கே!

ஆற்றோரக் காப்புப் பட்டையும் அப்படித்தான். ஆற்றின் அகலத்துக்கு ஏற்ப 5 மீட்டர் முதல் 50 மீட்டர் வரை இரு கரையிலும் நடவு செய்யாமல், உரமிடாமல் விடவேண்டும் என்று வழிகாட்டி இருக்கிறது. சேற்றையும் உரத்தையும் வடிகட்டும் சல்லடை அது. எங்கள் ஊர்ப் பக்கம் சிறு ஓடைகளின் கரை வரை செம்பனை நிற்பதைச் சிறு வயதிலிருந்து பார்க்கிறேன். சில தோட்டங்களில் மறுநடவின்போது அந்த மரங்களை விட்டுவிட்டுக் காட்டுச்செடி வளர விட்டிருக்கிறார்கள். இப்படி விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்பவர் யார்? தோட்ட நிர்வாகி, துணை நிர்வாகி, ஆய்வகத்தில் நீரைச் சோதிக்கும் வேதியியலாளர், ஆலைப் பொறியியலாளர், சுற்றுச்சூழல் அதிகாரி. ஒரு காலத்தில் இந்த வேலைகளில் நம்மவரைக் காண்பது அரிது. இன்று இந்த இதழை வாசிக்கும் முன்னாள் மாணவர்களிலேயே சிலர் இருக்கிறீர்கள். பவளத்தைப் பற்றிய கட்டுரையைக் கடல் ஆய்வாளர்களுக்கு எழுதாமல் தமிழ்மொழிக் கழக மலருக்கு எழுதியதற்குக் காரணம் நீங்கள்தான், அண்ணன்மாரே, அக்காமாரே.

மாணவர்களுக்கும் ஒன்று கேட்கிறேன். ஆண்டுதோறும் ஏதாவது ஒரு தீவுக்குப் போகிறோம். அடுத்த முறை ரீஃப் செக் மலேசியா அமைப்பு நடத்துவதுபோன்ற கணக்கெடுப்புப் பயிற்சிக்கு முக்குளிக்கத் தெரிந்த இருவரையாவது கழகச் செலவில் அனுப்பலாம். மற்றவர்கள் மிதந்தபடியே எந்தப் பவளத்தில் வெள்ளைக் கோடு, எதில் நெகிழி என்று குறித்து வரலாம். ஒரே இடத்தை ஐந்தாறு ஆண்டுகள் தொடர்ந்து குறித்தால் அது வெறும் சுற்றுலாவாக இருக்காது. பொங்கல் விழாவுக்குச் செலவிடுவதில் ஒரு பங்கு போதும். (விழாவைக் குறைக்கச் சொல்லவில்லை, அடிக்க வராதீர்கள்!)

போன மாதம், தோட்டம் ஒன்றில் துணை நிர்வாகியாக இருக்கும் நம் கழகத்து அண்ணன் ஒருவரிடம் இதையெல்லாம் புலம்பினேன். பொறுமையாகக் கேட்டார். "தம்பி, உர அட்டவணை தலைமையகத்திலிருந்து வருகிறது. ஆனால் எந்த வாரம் போடுவது என்பதைக் கொஞ்சம் முன்பின் தள்ள எனக்கு இடம் உண்டு" என்றார். இரண்டு நாள் கழித்து ஒரு படம் அனுப்பினார். கிடங்கில் அடுக்கிய உர மூட்டைகள், மேலே நீலத் தார்ப்பாய். கீழே ஒரு வரி: "வானிலை அறிக்கையில் வியாழன் வரை மழை. வெள்ளிக்கிழமை பார்ப்போம்."